லக்கோட்டா

நர்சரிக்காரர் எழுதித் தந்த பெயர்ச்சீட்டை
இரண்டாம் வருஷ டிசம்பர் மழை கழுவிவிட்டது.
வில்லிவாக்கம் மொட்டை மாடியில்
தண்ணீர் டேங்குக்குக் கிழக்கே, நீல டிரம்மில்,
பெயரில்லாமல் நிற்கிறது மரம்.
மே வந்தால் இலையோரம் கருகும்.
ஆகஸ்டில் மன்னித்து மறுபடி துளிர்க்கும்.
இந்த வருஷம்தான் காய்த்தது,
எண்ணி ஏழு.
பழைய வேட்டியில் பை தைத்துக் கட்டினேன்,
அணிலுக்கும் அசோசியேஷன் செக்ரட்டரி சதானந்தத்துக்கும் தெரியாமல்.

என்ன ரகம் என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு.
கோத்தகிரி போஜனிடம் நாலு ரகம் உண்டு. போன் போட்டேன்.
“லொக்காட்டா? எங்க பக்கம் லக்கோட்டாம்மா” என்றார்.
அப்பாவின் தாலுகா ஆபீஸில் லக்கோட்டா என்றால்
அரக்கு வைத்து ஒட்டிய உறை.
உடைக்காமல் உள்ளே என்னவென்று தெரியாது.
அதுவும் சரிதான்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் பெரம்பூரில் நின்ற இரண்டு நிமிஷத்தில்
போஜனின் மருமகன் அட்டைப்பெட்டியை நீட்டினார்.
ஐ.சி.எஃப். தாண்டுவதற்குள்
ஷேர் ஆட்டோ முழுக்க வாசனை.
எதிரே இருந்த பெண் பெட்டியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், தன் ஸ்டாப்பை விட்டுவிட்டாள்.

நாலு தட்டு. ஒரு கத்தி. போன வருஷத்து டைரி.
ருசி பார்க்க நானும் தணிகாசலமும்.
அந்தக் காய்ச்சலோடு போன அவர் மூக்கு
இன்னும் வீடு திரும்பவில்லை.
ரசம் கொதிப்பதும் கேஸ் கசிவதும் அவருக்கு ஒன்று.
ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தேம்ஸ் பிரைட்: தொடக்கமும் புளிப்பு, முடிவும் புளிப்பு.
நடுவில் மட்டும் ஒரு நொடி
சாத்துக்குடித் தோலைக் கிள்ளினாற்போல.
கொட்டை ஐந்து. சதை அவற்றுக்கு வாடகைக்கு இருக்கிறது.

கோல்டன் யெல்லோ: இனிப்புதான்.
பந்தியில் ஆள் கூடிவிட்டதென்று
தண்ணீர் கலந்த பானகத்தின் இனிப்பு.

கலிபோர்னியா அட்வான்ஸ்: வெள்ளைச் சதை, நுங்கின் வழுக்கல்.
புளிப்பு முன்னால் வந்து வணக்கம் சொல்லிவிட்டு
ஓரமாக விலகி நிற்கிறது.
வீட்டில் வளர்க்க ஒன்றே ஒன்று என்றால் இதைச் சொல்வேன்,
அடுத்த தட்டைத் தொடாமல் இருந்திருந்தால்.

தனாகா.
ருமானி மாம்பழத்தில் காம்பருகே
விரல் நகம் அளவுக்கு ஒரு வாசனை இருக்குமே,
அது இதில் பழம் முழுக்க.

நான் போட்டது ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது.
அவர் எல்லாவற்றுக்கும் ஏழு.
“இனிக்குது, புளிக்குது. வேற என்ன இருக்கு?”
“ருமானி மாதிரி…” என்று ஆரம்பித்தேன்.
“ருமானி எப்படி இருக்கும்?” என்றார்.
கேலி இல்லை. நிஜமாகவே மறந்திருந்தது.
கத்தியைக் கழுவப் போகிறவள் போல எழுந்துகொண்டேன்.

சாயங்காலம் மாடியில் பையை அவிழ்த்தோம்.
எலுமிச்சையில் பாதி இருக்கும்,
ஒரு கன்னத்தில் வெயில் சுட்ட தழும்பு.
தோலைப் பழுக்க வைத்த அவசரத்தில்
சதையை மறந்துவிட்டிருந்தது சென்னை.
கடித்த வேகத்தில் துப்பினேன்.
நாலு தட்டில் எதற்கும் உறவில்லை இது.

அவர் துப்பவில்லை.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டி,
கண் இடுங்க,
“துவர்க்குதுடி” என்றார்.

துவர்ப்பு மூக்கிடம் அனுமதி கேட்பதில்லை.
உள்ளே வந்து
நாக்கைக் கையால் பிடித்து இழுக்கிறது.

இரண்டாவதைக் கடித்தார். மூன்றாவதை.
கடுக்காய் என்றார், வாழைப்பூ என்றார்,
பள்ளிக்கூட வாசலில் தின்ற ஏதோ ஒரு காய், பெயர் வரவில்லை என்றார்.
நாலாவதை நான் தடுக்கவில்லை.
டைரியை வாங்கி, தன் ஏழுகள் நான்கையும் அடித்துவிட்டு,
பெயரில்லாத நம் மரத்துக்கு நேரே
‘இருக்கு’ என்று எழுதினார்.

ரகம் என்னவென்று இன்னும் தெரியாது.
“மீதி ரெண்டையும் பழுக்க விட்டுடாதே” என்கிறார்,
படியிறங்கிக்கொண்டே.
நான் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுகிறேன்.
டேங்குக்கு மேலே அணில்
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.